இரண்டாம் சரணத்தில் ஒரு பிசகு

பாலையூற்று வீட்டை விற்று
மெல்பேர்ண் போகிற அவசரத்தில் ஓல்வின் பார்த்தலட்
கட்டிலை, தையல் மெஷினை, கோழிக்கூட்டைக் கூட விற்றுவிட்டார்.
இது மட்டும் கிடந்தது. நாலு நரம்பு, பேஸ் கிற்றார்.
ஒன்பதாயிரம் என்றார், ஏழு கொடுத்தேன்.
அம்ப்ளிஃபயர் வாங்க வழியில்லை.
கிற்றாரின் கட்டையை அலுமாரிக் கதவில் முட்டக் கொடுத்தால்
சேலைகளோடு சேர்ந்து அலுமாரி முழுக்க முழங்கும்
என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கிறவள் நான்.
விரல்நுனிகள் முதலில் கொப்பளித்தன, பிறகு காய்த்தன.
இப்போது இடக்கைக்குத்
தாளின் விளிம்பு தெரிவதில்லை.

எடுத்தது ஒரே பாட்டு.
முதல் இரண்டு வரி ஊரில் எவருக்கும் வாயில் வரும்
பழைய படப்பாட்டு.
எல்லோரும் பாடுகிறவளைக் கேட்பார்கள், பிறகு வயலினை.
நான் அவர்களுக்கெல்லாம் கீழே இறங்கி
நிலத்தில் காது வைத்தவளாய்க் கிடந்தேன்.
அங்கே ஒருவன் நடந்துகொண்டிருந்தான்.
கசெட் உறையில் அவன் பெயர் இல்லை.

பல்லவிக்கு ஒரு மாதம்.
இரண்டாம் சரணத்தில் ஓரிடம் வசப்படவேயில்லை.
என் காதைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
ஃபோனில் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டபோது
பிடிபட்டது:
அவன் அரைத்தட்டுப் பிந்துகிறான்.
பக்கத்துக் கட்டையில் தவறி விழுந்து
வழுக்கிக்கொண்டே சரியான இடத்துக்கு ஏறுகிறான்.
அன்றைக்கு அது எத்தனையாவது ஒலிப்பதிவோ,
பசியோ, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ.
ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

திருத்தி வாசித்துப் பார்த்தேன்.
பாட்டு
சம்பந்தி வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல விறைத்தது.
ஆகவே அவன் பிசகைப்
பிசகாமல் வாசிக்க மூன்று கிழமை.
சும்மா தவறுவது வேறு,
அவன் தவறிய அளவுக்கு மட்டும் தவறுவது வேறு.

உப்புவெளி ஹோட்டல்களில் வாசிக்கிற என் கொழுந்தன் ஜெறாட்
“ஆர் அக்கா உதைக் கவனிக்கப்போகினம்,
ஒரே சுரத்தில நிண்டு தட்டுங்கோ” என்றான்.
“இல்லாட்டி சொந்தமா ஏதும் போடுங்கோ.”
சொந்தமாய் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
தோன்றாததில் வருத்தமும் இல்லை.

கடல் குழம்பிப் படகு நின்ற கார்த்திகை நாளொன்று.
மழை விட்டிருந்தது. கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
எதிர் மதிலில் ஈரம் ஊறிய தேர்தல் நோட்டீசை
வேட்பாளரின் நெற்றிவரை தின்று முடித்திருந்தது.
காதில் எதையும் மாட்டாமல்,
பாட்டைத் துணைக்கு வைக்காமல்,
அலுமாரியோடு நானும் கிற்றாரும்.

முதல் சரணம் போய்க்கொண்டிருக்கையில்
சுவருக்கு அப்பால், கொடியில் உடுப்புப் போட்டபடி
ஹம்சியா பாடத் தொடங்கினா.
தொடக்கத்திலிருந்து அல்ல,
நான் நின்ற இடத்திலிருந்து, அந்தச் சொல்லில்.
அவவுக்குக் கேட்டது அலுமாரி மட்டும்தான்.

கை நடுங்கிற்று, விடவில்லை.
இரண்டாம் சரணம். அந்த இடம்.
நான் தவறினேன், சரியாக.
அவவின் குரலும் அங்கே ஒரு கணம் தாமதித்து ஏறியது,
சிறுவயதில் இருந்தே அப்படித்தான் பாடிவருகிறா போலும்
யாருடைய கால் தடுக்கியதால் என்று அறியாமலே.

ஒலிப்பதிவுக்கு முடிவு இல்லை.
பல்லவியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சத்தம் தேய்ந்துபோகும்.
அவன் எங்கே கையெடுத்தான் என்று எவருக்கும் தெரியாது.
நான் விரலை இலேசாக்கினேன்,
இன்னும் இலேசாக்கினேன்.
சுவருக்கு அப்பாலும் குரல் படிப்படியாய் இறங்கி
வாளி வைக்கிற சத்தத்தில் மறைந்தது.

பிறகு மதிலுக்கு மேலால் முக்காட்டுத் தலை.
“இதா புள்ள அது?
இவ்வளவு நாளும் நீ அலுமாரி திருத்துறாய் எண்டெல்லோ
நான் நெனச்சிருந்தன்.”